நிறுத்தக் கூடாத லைன்

மார்ச் 9, திங்கள்

ஒரே வாரத்தில் மூன்று ஆணைகள். டி.வி.யில் கோட் போட்ட ஒருத்தர் மூன்றையும் வரலாற்றுச் சிறப்புமிக்கவை என்றார். அவர் வீட்டில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், சொல்லத்தான் செய்வார்.

முதல் ஆணை, வெளிநாட்டு நிலக்கரிக்கும் மின் நிலைய உதிரிபாகங்களுக்கும் புது வரி, புதுத் தடை. இரண்டாவது, மின்சார நெருக்கடி நிலை. எந்த ஊருக்கு எப்போது கரண்டை நிறுத்துவது என்பதை இனி மேலிடமே முடிவு செய்யும். மூன்றாவது, கம்ப்யூட்டர் தரவு மையங்கள் எல்லாம் தேசத்தின் அத்தியாவசியச் சேவை. அவற்றுக்குப் போகிற லைனை யாரும் எதற்காகவும் நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷம் நின்றாலும் ஏன் நின்றது என்று எழுதி அன்றைக்கே டெல்லிக்கு அனுப்ப வேண்டும். வேண்டுமென்றே நிறுத்தினால் ஜாமீன் கிடையாது.

முதல் ஆணையால் கரண்ட் குறையும், இரண்டாவதால் ஊருக்கு நிற்கும், மூன்றாவதால் இங்கே வருகிற தரவு மையக் கம்பெனிக்கு நிற்காது. ஆலங்கிணறு சப்-ஸ்டேஷனில் இத்தனை வருஷம் ஷிப்ட் பார்த்தவளுக்கு இதைக் கோட் போட்டவர் விளக்க வேண்டியதில்லை. மூன்றும் என் கண்முன்னால் இருக்கிற பேனலில்தான் வந்து சந்திக்கின்றன.

தேங்காய் இல்லை. துவையல் இல்லாமல் தோசை சாப்பிட்டேன்.

மார்ச் 11, புதன்

சென்னையிலிருந்து ஆட்கள் வந்து பேனலில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். இனிமேல் அங்கே உட்கார்ந்துகொண்டே இங்கே ஃபீடரை, அதாவது ஊருக்குப் போகிற லைனை, நிறுத்துவார்கள், போடுவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

இதுவரை அப்படியில்லை. சென்னையிலிருந்து போன் வரும், இவ்வளவு லோடு குறை என்பார்கள். எந்த ஊரை நிறுத்துவது என்பது எங்கள் கையில். அதற்கென்று எங்களுக்குள் ஒரு முறை உண்டு, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார். பிணம் ஐஸ் பெட்டியில் இருக்கிறது என்று யாராவது போன் செய்தால், எடுக்கும்வரை அந்த ஃபீடரைத் தொட மாட்டோம். என் ஷிப்டில் புளியன்விளையைத் தொட மாட்டேன். அது எல்லோருக்கும் தெரியும். அங்கே ரூபி அக்காவின் வீடு இருக்கிறது. தவசிமணி அத்தான் கல் குவாரியில் கிரஷர் தூசியைத் தின்றே நுரையீரலைத் தொலைத்தவர். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின். கரண்ட் இருந்தால் மிஷின் ஓடும், மிஷின் ஓடினால் அத்தான் இருப்பார்.

பெட்டி மாட்டியவனிடம், ஐஸ் பெட்டியில் பிணம் இருந்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

மார்ச் 14, சனி

வெட்டு ஆரம்பித்துவிட்டது. மத்தியானமும் சாயங்காலமும் மணிக்கணக்கில் போகிறது. புளியன்விளை லைன் என் கண்ணெதிரே டக்கென்று நின்றது. கை தன்னால் போனது. பெட்டியைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.

அக்கா போனில் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"ஏட்டி, மருமவன் வாங்கித் தந்த ஜெனரேட்டர் இருக்குல்லா, அதப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடிச்சு, பொறவு பொகையா கக்கிட்டு நின்னுட்டு. சிலிண்டர வச்சிருக்கேன். அதுவும் பாதிதான் இருக்கு. எப்பம் வரும்?"

"தெரியலக்கா."

"ஒனக்கே தெரியலன்னா யாருக்குட்டி தெரியும்?"

பக்கத்தில் கம்பெனி லைனின் அம்மீட்டர் முள் ஆடாமல் அசையாமல் நின்றது.

மார்ச் 16, திங்கள்

அந்தக் கம்பெனி லைன் இருக்கிறதே, அது வானத்திலிருந்து இறங்கியதல்ல. புளியன்விளைக்கு இரண்டாவது வழியாக இருந்த பழைய லைன்தான். கம்பிகளை மாற்றி, பெயரை மாற்றி, தனி லைன் என்று போர்டு வைத்துவிட்டார்கள். கம்பெனிக்குப் பெரிய லைன் வரும்வரை முதல் கட்டத்துக்கு இதுவே போதுமாம். ஊருக்கு வெளியே கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இரண்டு லைனையும் சேர்க்கிற ஸ்விட்ச் இன்னும் கம்பத்தில் இருக்கிறது. பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி யாரிடம்? லைன்மேன் சொரிமுத்துவிடம்.

இன்றைக்கு டீ குடிக்கும்போது சும்மா கேட்டேன்.

"சொரிமுத்து, புளியன்விளைக் கிளைய மட்டும் ஊர் லைன்லருந்து வெட்டி, கம்பெனி லைன்ல சேத்தா என்ன?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், நீங்க கேக்குதது என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கியளா?"

"அத்தான பாத்துருக்கீருல்லா?"

பார்த்திருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்து சாப்பிட்டவர். "நாப்பது வீடு. கம்பெனிக்காரனுக்கு இது கொசு கடிச்ச மாதிரி. கண்டுபிடிக்க மாட்டான்" என்றார் கடைசியில்.

இதில் என் அக்கா என்று ஒன்றும் இல்லை. நாற்பது வீட்டுக்கும்தான் செய்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

சேர்த்தாயிற்று.

மார்ச் 19, வியாழன்

லீவு. புளியன்விளைக்குப் போனேன். சுற்று வட்டாரம் முழுக்க மத்தியான வெட்டு. புளியன்விளையில் மட்டும் மிக்ஸி ஓடுகிறது, டி.வி.யில் சீரியல் ஓடுகிறது. அத்தான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். குழாயோடு சிரிக்கிறபோது அவர் மீசை ஒரு பக்கமாய்த் தூக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது. சந்தோஷம், வேறென்ன சொல்ல.

ஊர்க்காரர்களைச் சர்ச் முற்றத்தில் கூட்டிச் சொன்னேன். "வெட்டு நேரத்துல வாசல் லைட்டு போடக் கூடாது. வெளியூர்க்காரனுக்கு மூச்சு விடக் கூடாது. ஈ.பி. ஜீப்போ, பைக்கோ ஊருக்குள்ள வந்தா, ஒரு வீடு பாக்கியில்லாம மெயின அமத்திரணும். பாக்குதவனுக்கு இங்கயும் கரண்டு இல்லன்னு தெரியணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றார்கள். ஒரு அம்மா எனக்கு முருங்கைக்காய் கொடுத்தாள். இன்னொருத்தி முட்டை கொடுத்தாள். நான் ஏதோ எம்.எல்.ஏ. மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

இதை எழுதாமல் இருக்க முடியாது. பக்கத்து செக்‌ஷன் ஒப்பந்தத் தொழிலாளி முத்துக்குட்டி ஏதோ மீட்டர் பார்க்கப் புளியன்விளைக்குப் போயிருக்கிறான். வெட்டு நேரம். அவன் பைக் ஆலமரத்தைத் தாண்டியதுமே முதல் வீட்டுக்காரன் விசில் அடித்திருக்கிறான். வரிசையாக நாற்பது வீட்டிலும் மெயின் ஆஃப். காற்றாடிகள் நின்றன, டி.வி.கள் செத்தன. ஆட்கள் எல்லோரும் விசிறியோடு வெளியே வந்து உட்கார்ந்து, இந்த அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்களாம்! முத்துக்குட்டியும் கூட உட்கார்ந்து திட்டியிருக்கிறான். அக்கா அவனுக்கு மோர் கொடுத்திருக்கிறாள். போகும்போது அத்தானின் காலிச் சிலிண்டரை அவனாகவே தூக்கிக்கொண்டுபோய்ச் சிலிண்டர் வேனில் ஏற்றிவிட்டிருக்கிறான். நல்ல பையன். நாடார் கடை வாசலில் கல்யாணப் பாட்டுப் பாடிக்கொண்டே கம்பம் ஏறுவான், எனக்கும் தெரியும்.

போனில் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பட்டாளத்தில்கூட இப்படி ஒழுங்கு கிடையாது.

"அத்தான் மிஷின்?" என்று கேட்டேன்.

"அவியளும்தான் அமத்துனாவ. மூச்சப் புடிச்சுத் தாக்காட்டிட்டாவ" என்றாள் அக்கா.

மார்ச் 26, வியாழன்

செயற்பொறியாளர் வந்தார். கம்பெனி லைன் இதுவரை ஒரு தடவைகூட நிற்கவில்லையென்று ரொம்பச் சந்தோஷம். ஏப்ரல் பத்தாம் தேதி மந்திரி வந்து தரவு மையத்தைத் திறக்கிறாராம். "உங்க ஷிப்ட்ல எல்லாம் நீட்டா இருக்கும்மா" என்று என்னைப் பாராட்டினார். பரமார்த்தலிங்கம் சாருக்கு முகம் வாடிவிட்டது. அவர் எனக்கு மாற்று ஷிப்ட். ஸ்க்ரூவைக்கூட ரிஜிஸ்டரில் எழுதுகிற மனுஷன்.

அவரிடம் ஸ்விட்ச் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஷிப்ட் மாறும்போது லைன் எப்படி இருக்கிறதோ அப்படியே அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். சொன்னால் அவர் ரிஜிஸ்டரில் எழுதுவார். எழுதினால் முடிந்தது கதை. அதனால் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நாளை சொல்கிறேன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து துணி துவைத்தேன். ஷிப்ட் மாற்றிக்கொண்டோம். வருஷா வருஷம் நடப்பதுதான்: பங்குனி உத்திரத்துக்கு ஆபீஸில் மற்றவர்கள் எல்லோரும் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள், நான் பார்த்துக்கொள்வேன். பெரிய வெள்ளிக்கு நான் சர்ச்சுக்குப் போவேன், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த வருஷம் இரண்டும் ஒரே வாரத்தில் வந்து தொலைத்துவிட்டது.

சொரிமுத்து குடும்பத்தோடு மலைமேல் இருக்கிற கோயிலுக்குப் போகிறார். சனிக்கிழமைதான் வருவாராம். அங்கே டவர் கிடையாது.

ஏப்ரல் 1, புதன்

பங்குனி உத்திரம். தனியாக இரண்டு ஷிப்ட். கால் வீங்கிவிட்டது. ஆபீஸே காலி. ஸ்டோரில் தேடினேன், எர்த் ராடு இல்லை. லைன்மேன் கம்பம் ஏறுமுன் கம்பியில் மாட்டுகிற கழி அது. எங்கிருந்தாவது கரண்ட் வந்தால் தரைக்கு இழுத்துவிடும். சொரிமுத்துவின் அலமாரிக்குள் இருக்கும். பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒன்றுதான் இருக்கிறது, கேட்டுக் கேட்டு இன்னொன்று வரவில்லை. வெளிநாட்டுச் சாமானுக்குத் தடை என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள்.

பரவாயில்லை, இரண்டு நாள்தானே.

ஏப்ரல் 2, வியாழன்

பரமார்த்தலிங்கம் சார் நெற்றி நிறைய விபூதியோடு வந்து ஷிப்ட் வாங்கிக்கொண்டார். கோயில் பாயசம் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். நன்றாக இருந்தது.

"எல்லாம் நார்மலா மேடம்?"

"எல்லாம் நார்மல் சார்."

பாயசம் கொடுத்த கையோடு அந்த மனுஷரைக் கலவரப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டேன். திங்கள்கிழமை சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் திருவிருந்து ஆராதனை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை. போனை அணைத்துப் பையில் போட்டிருந்தேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம், ஆறாவது ஆள் இழுத்துவிட்டார். வெளியே வந்து போனைப் போட்டேன். அக்காவிடமிருந்து பதினாறு அழைப்புகள்.

அத்தானுக்குத்தான் என்று நினைத்தேன். அத்தானுக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 4, சனி

வீட்டைப் பெருக்கினேன். அரிசி புடைத்தேன். கரண்ட் இல்லை.

ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் புளியன்விளையில் பனை மட்டை ஒன்று விழுந்து, கம்பி தாழத் தொங்கியிருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடம். அக்கா எனக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். கிடைக்கவில்லை. சொரிமுத்து மலையில். ஆபீசுக்கு அடித்திருக்கிறாள், அவர்கள் முத்துக்குட்டியை அனுப்பியிருக்கிறார்கள். கம்பத்தடியில் நின்று அவன் பரமார்த்தலிங்கம் சாருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறான்.

"சார், புளியன்விளை லைன் நிக்குதா?"

"நிக்குது முத்துக்குட்டி. வெட்டு நேரம்லா. ஏறு."

அவர் பேனலில் அது நின்றுதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

மாட்ட எர்த் ராடு இல்லை, அது சொரிமுத்துவின் அலமாரிக்குள். ஆனாலும் அவன் விவரமானவன். ஏறுமுன் ஊரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தானாம். அக்கா சொன்னாள். எந்த வீட்டிலாவது காற்றாடி சுற்றுகிறதா, டி.வி. சத்தம் கேட்கிறதா என்று பார்த்திருக்கிறான். ஒன்றும் இல்லை. அவன் பைக் ஆலமரத்தைத் தாண்டும்போதே விசில் போய்விட்டது. நாற்பது வீட்டிலும் மெயினை அமர்த்திவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி விசிறியோடு வெளியே வந்து நின்றிருக்கிறார்கள். ஒரு வீடு பாக்கியில்லை.

கீழே நின்ற ஒருத்தருக்குக்கூட அந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்று உறைக்கவில்லை. மெயினை அமர்த்தினால் கம்பியிலும் அமர்ந்துவிடும் என்று நினைத்தார்களாம். அவர்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாடிக்கொண்டேதான் ஏறினானாம்.

ஏப்ரல் 6, திங்கள்

முத்துக்குட்டியின் அடக்கத்துக்குப் போனேன். அவன் மனைவி பெயர் சுயம்புக்கனி. அழுது முடிந்து சுவரில் சாய்ந்து இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், லைன் நிக்குதுன்னு சொன்னாவளாம். நின்ன லைன்ல எப்படி மேடம் கரண்டு வந்துச்சு? நீங்க படிச்சவிய, நீங்க சொல்லுங்க" என்றாள்.

தண்ணீர் குடிம்மா என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

சொரிமுத்து வாசலில் என்னைக் கண்டதும் மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கி, விஷயம் கேட்டதும் நேராகப் போய் ஸ்விட்சைப் பழையபடி ஆக்கிப் பூட்டிவிட்டாராம்.

"இனிம ஒண்ணும் தெரியாது மேடம். நீங்களும் மறந்துருங்க. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைய."

ஆக, இப்போது புளியன்விளைக்கும் வெட்டு நேரத்தில் கரண்ட் கிடையாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

விசாரணை முடிந்துவிட்டதாம்! ஒரே நாளில். இவ்வளவு வேகமாக இந்த இலாகாவில் ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை. ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடி, அதன் கரண்ட் பின்பக்கமாகக் கம்பிக்கு ஏறியிருக்கிறது என்று முடிவு. ஊரில் ஜெனரேட்டர் இருப்பது ஒரே வீட்டில்தான். போலீஸ் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ரிப்பேராகிக் கிடந்த ஜெனரேட்டர். நல்லவேளைக்கோ கெட்டவேளைக்கோ, அக்கா அதை ஞாயிற்றுக்கிழமை சரிபண்ண வைத்திருக்கிறாள். இனி வெட்டு நேரத்துக்கு அது ஒன்றுதான் கதி என்று. போலீஸ் கயிற்றை இழுத்ததும் ஓடியதாம்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அத்தான் சிலிண்டரில் இருந்தார். உதடு கறுத்திருந்தது. பேசாதீர்கள் என்றேன், கேட்கவில்லை.

"அன்னிக்கி... நானும்... அமத்துனேன் லில்லி. ஒனக்கு... ஒண்ணும் வரக் கூடாதுன்னு. அந்தப் பையன்... மேல ஏறுதான்... நான் இங்கன மூச்ச அடக்கிக்கிட்டு கெடக்கேன்."

அக்கா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஏட்டி, நான் ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். நாந்தான் ஜெனரேட்டரப் போட்டேன்னு."

"ஏங்க்கா? ஒனக்குக் கிறுக்கா?"

"ஒன்னயச் சொன்னா ஜாமீன் கிடையாதுன்னு நீதானட்டி சொன்ன? எனக்குன்னா எப்படியும் விட்ருவாவ. ஊர்ல ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாவ. நீயும் தொறக்காத."

விட மாட்டார்கள். ஆள் செத்திருக்கிறது. அத்தான் கிடக்கிற நிலையைப் பார்த்து இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்ட் செய்யப்போகிறார்கள். அக்கா உள்ளே போனால் அத்தானுக்குக் குழாய் மாட்டக்கூட ஆளில்லை. மகள் துபாயில். ஜெனரேட்டர் ஸ்டேஷனில். வெட்டு நேரம் நேற்றிலிருந்து இன்னும் கூடியிருக்கிறது. இதில் அத்தான் எத்தனை நாள் இருப்பார் என்று கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

ஏப்ரல் 8, புதன்

செயற்பொறியாளரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்ச், ஊர், விசில், எல்லாம். சொரிமுத்து பெயரை மட்டும் சொல்லவில்லை. நானே சேர்த்தேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படுவார் என்று நம்பித்தான் போனேன். ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

"லில்லிம்மா, அந்த லைன்ல கம்பெனி லோடு தவிர வேற லோடு இருக்கக் கூடாது. ஆணை அப்படி. இல்லன்னு ஒவ்வொரு நாளும் நான் கையெழுத்துப் போட்டு டெல்லிக்கு அனுப்பியிருக்கேன். இருக்கக் கூடாதது எப்படி இருந்துருக்கும்?"

"இருந்துச்சு சார். நான்தான சொல்லுதேன்."

"நான் உங்ககிட்ட ஏதாவது கேட்டேனா?"

"இல்ல சார்."

"நான் கேக்கல. அப்போ நீங்க சொல்லல. நாளன்னைக்கு மந்திரி வர்றாரு. லீவு வேணும்னா எடுத்துக்குங்க."

எங்கள் அக்கா என்றேன். பாவம்தான் என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, அக்காவைக் காப்பாற்றத் தங்கச்சி கதை கட்டுகிறாள் என்று சிரித்தார். "ஈ.பி.யே எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. ஒங்க டிபார்ட்மென்ட்ட போய்ச் சொல்லுங்க."

அங்கிருந்து சுயம்புக்கனி வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொன்னேன். நின்ற லைனில் எப்படிக் கரண்ட் வந்தது என்று கேட்டாய், இப்படித்தான் வந்தது என்று. அவள் மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். சுயம்புக்கனி கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத என்ட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா போதும்னு வந்தியளா?"

ஏப்ரல் 9, வியாழன்

இதை வீட்டில் எழுதவில்லை. சப்-ஸ்டேஷன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பகல் ஷிப்ட். லீவு எடுக்கவில்லை.

காலையில் அக்கா வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அத்தானுக்குத் தலை சீவி விட்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். வேலைக்கு என்றேன். நாளைக்கு அக்காவும் இல்லாமல் போனால் ஆள் வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குச் சிலிண்டர் மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கம்பெனியில் பெரிய பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. இந்த லைன் நின்றால் அந்த நொடியே அவை எடுத்துக்கொள்ளும். அங்கே ஒரு விளக்குகூட அணையாது. அதை நன்றாக விசாரித்துக்கொண்டேன். இனி ஒரு உயிரும் என்னால் போகக் கூடாது.

அவசரத்துக்குப் பெட்டியிலிருந்து பேனலை என் கைக்கு மாற்ற ஒரு சாவி உண்டு; தொட்டால் அந்த நொடியே சென்னைக்குத் தெரியும், அதனால் இதுவரை தொட்டதில்லை. மாற்றினேன். பிறகு கம்பெனி லைனின் கைப்பிடியைத் திருப்பினேன். முள் படுத்துவிட்டது. பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஜெயிலுக்குப் போகிற வயசா இது?

போன் அடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செயற்பொறியாளர். பின்னால் பந்தல் போடுகிற சத்தம்.

"லில்லிம்மா! கம்பெனி லைன் என்னாச்சு? தானா ட்ரிப் ஆயிருச்சா?"

"ட்ரிப் இல்ல சார். நான்தான் நிறுத்துனேன்."

அவர் எங்கேயோ தள்ளிப் போய்க் கதவைச் சாத்தியது தெரிந்தது.

"ஐயோ... போடுங்கம்மா. ஒடனே போடுங்க."

"போடுதேன் சார். ஆனா நின்னது நின்னதுதான. டெல்லியில இந்நேரம் தெரிஞ்சுருக்கும்."

வேறு வழியே இல்லாத குரலில் கேட்டார்.

"ஏம்மா நிறுத்துனீங்க?"

"கேட்டுட்டீங்கல்லா சார்," என்றேன். "ஏன் நின்னுதுன்னு இன்னைக்கே டெல்லிக்கு அனுப்பணும். எழுதிக்கோங்க, சொல்லுதேன்."